வாய்ப்பாடு மனப்பாடம் ஆகாத வானியல் அம்மையார்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



ஆண்டு மலருக்குப் படைப்பு கேட்டு மாணவர் பேரவை அண்ணன்கள் வகுப்புக்கு வந்தபோது, எங்கள் பெஞ்சில் மட்டும் நான்கு பேர் கவிதைக்குப் பெயர் கொடுத்தார்கள். மூன்று பேர் நிலாவைப் பற்றி. ஒருவன் தாயைப் பற்றி. எனக்குக் கவிதை வராது. ஆனாலும் நானும் ஆகாயத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நிலாவைவிட ரொம்ப ரொம்பத் தூரத்தில் இருக்கிற ஒன்றைப் பற்றி. அதை முதன்முதலில் கண்ட ஓர் அம்மையாரைப் பற்றி.

போன செமஸ்டரில் ஒருநாள் பவுண்டரி லேப் நடக்கவில்லை. எல்லோரையும் நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பேனுக்குக் கீழே இடம் பிடிக்கப் போனவன், மேஜைமேல் யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுப்போன வானியல் புத்தகம் ஒன்றைச் சும்மா புரட்டினேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே படம். வெள்ளித் தட்டைச் சாய்த்துப் பிடித்த மாதிரி, ஓரமெல்லாம் தூசியும் நட்சத்திரமுமாக ஒரு சுருள். கீழே என்.ஜி.சி. 253 என்று பெயர் போட்டு, கண்டுபிடித்தவர் கரோலின் ஹெர்ஷல், 1783 என்று அச்சடித்திருந்தது.

ஹெர்ஷல் என்றால் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவர் வில்லியம் ஹெர்ஷல். இந்தக் கரோலின் யார்? தேடிப் படித்தேன். வில்லியமுடைய தங்கை. படிக்கப் படிக்க எனக்கு வேறொருவர் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அது யாரென்று கடைசியில் சொல்கிறேன்.

அடுப்படியில் கழிந்த இருபத்திரண்டு வருஷம்

ஜெர்மனியில் ஹானோவர் என்ற ஊரில் 1750-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி கரோலின் பிறந்தார். அப்பா ஐசக் ஹெர்ஷல், பட்டாள பேண்டு வாத்தியக்காரர். தோட்டக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தானாகவே வாத்தியம் கற்று மேலே வந்தவர். அம்மா அன்னாவுக்கு எழுதத் தெரியாது. பத்துப் பிள்ளைகளில் கரோலின் எட்டாவது.

மூன்று வயதில் பெரியம்மை வந்து முகத்தில் தழும்பு போட்டுவிட்டுப் போனது. பத்து வயதில் டைபஸ் காய்ச்சல். பிழைத்தார், ஆனால் அதோடு வளர்த்தி நின்றுவிட்டது. கடைசிவரை அவருடைய உயரம் 4 அடி 3 அங்குலம்தான். நம் ஒர்க்‌ஷாப் ஒர்க்பெஞ்சுக்கு முன்னால் நின்றால் பைல் பிடிக்க ஒரு பலகை போட்டுத்தான் நிற்க வேண்டியிருக்கும். பெற்ற அப்பாவே, உனக்கு அழகும் இல்லை, சொத்தும் இல்லை, அதனால் கல்யாணத்தை எதிர்பார்க்காதே என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் ஆண்பிள்ளைகளுக்குச் சங்கீதம், கணக்கு, பிரெஞ்சு என்று எல்லாம் உண்டு. பெண்பிள்ளைக்குப் படிக்க எழுதத் தெரிந்தால் போதும் என்பது அம்மாவின் கட்சி. படிப்பு ஏறியதால்தான் மகன்கள் வீட்டை விட்டுச் சீமைக்குப் போய்விட்டார்கள், மகளுக்கும் படிப்பு ஏறினால் அவளும் போய்விடுவாள் என்று அந்தத் தாய் நினைத்தார். அதைக் கெட்ட எண்ணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பயம். நம் ஊர்களில் இல்லாத பயமா!

அதனால் கரோலினுக்குத் தையல், சமையல், பாத்திரம், துணி. காலுறை பின்னுவார், முதலில் பின்னிய காலுறை அவர் நின்றால் தரையைத் தொடும் நீளம் இருந்ததாம். அக்கம்பக்கத்துப் பட்டாளத்தார் மனைவிகளுக்கு எழுத்துத் தெரியாததால், போர்முனையில் இருந்த புருஷன்மாருக்கு அவர்தான் கடிதம் எழுதிக் கொடுப்பார். அம்மா வெளியே போன நேரம் பார்த்து அப்பா கொஞ்சம் வயலின் சொல்லிக்கொடுப்பார். குளிர்கால ராத்திரியில் தெருவுக்குக் கூட்டிப்போய் நட்சத்திரங்களைக் காட்டுவார். அந்த அப்பாவும் 1767-ல் போய்விட்டார். அதோடு வயலினும் போச்சு.

கரோலினுக்குப் பதினோரு வயது மூத்தவர் அண்ணன் வில்லியம். 19 வயதில் இங்கிலாந்துக்குப் போய், பாத் என்ற நகரத்தில் வாத்தியக்காரராகவும் பாட்டு வாத்தியாராகவும் காலூன்றியிருந்தார். 1772-ல் அவர் ஊருக்கு வந்து தங்கையை அழைத்துக்கொண்டு போனார். எப்படி விட்டார்கள் தெரியுமா? தங்கை செய்த வீட்டு வேலைக்கு ஒரு வேலைக்காரி வைத்துக்கொள்ள வருஷா வருஷம் பணம் அனுப்புவதாக அம்மாவுக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான்! அப்போது கரோலினுக்கு வயது 22.

பாத் நகரத்துப் பட்டறை

அங்கே காலை டிபன் நேரம்தான் வகுப்பு நேரம். சாப்பாட்டு மேஜையிலேயே அண்ணன் ஆங்கிலம், கணக்கு, வீட்டு வரவு செலவு எழுதும் முறை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். தங்கைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மட்டும் கடைசிவரை மனப்பாடம் ஆகவே இல்லை. ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்வார். எம்-ஒன் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் இடத்தைக் கணக்குப் போட்டுப் பட்டியல் தயாரித்தவருக்கு ஏழு எட்டு எத்தனை என்று தாளைப் பார்த்தால்தான் தெரியும்!

கரோலின் நல்ல பாடகியாகவும் ஆனார். 1778-ல் கச்சேரியில் முதன்மைப் பாடகியாகவே நின்றார். பர்மிங்ஹாமில் பாட அழைப்பும் வந்தது. அண்ணன் நடத்தாத கச்சேரியில் பாட மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

ஆனால் அண்ணனுக்கோ 1773-லிருந்து வானியல் பைத்தியம் பிடித்துவிட்டது. நல்ல டெலஸ்கோப் விலைக்கு வாங்கக் காசு இல்லை. சரி, நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினார். ஓர் அறையில் தச்சு வேலை, இன்னொரு அறையில் லேத், கண்ணாடி தேய்க்கும் வேலை என்று வீடே பட்டறையாக மாறிவிட்டது.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது ருசியான விஷயம். அந்தக் காலத்து டெலஸ்கோப் கண்ணாடி நம் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை உருக்கி, வட்டமாக வார்த்து, குழிவாகத் தேய்த்து, பாலிஷ் போட வேண்டும். மோல்டு செய்யக் குதிரைச் சாணம் கலந்த மண். அந்தச் சாணத்தை உரலில் இடித்துச் சலித்துக் கொடுத்ததில் கரோலினுக்கும் பங்கு உண்டு. நாம் பவுண்டரி லேபில் மண் சலிக்க மூக்கைப் பொத்துகிறோம்!

பாலிஷ் போடும்போது கை நின்றால் பரப்பு கெட்டுவிடும். ஒரு தடவை வில்லியம் 16 மணி நேரம் கையை எடுக்காமல் தேய்த்தார். தங்கை பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாயாக ஊட்டினார். வேலை செய்கிறவருக்கு அலுப்புத் தெரியாமல் இருக்கப் புத்தகம் படித்தும் காட்டுவார்.

1781-ல் பெரிய கண்ணாடி ஒன்றை வார்க்கப் பார்த்தார்கள். முதல் வார்ப்பு ஆறும்போது விரிசல் விட்டது. அடுத்த தடவை உலையே ஒழுகி, உருகிய உலோகம் கல் தரையில் ஓடியது. சூடு தாங்காமல் தரைக்கல் வெடித்துக் கூரை வரை பறந்தது. எல்லோரும் உயிர் தப்பினால் போதும் என்று கதவுகளைப் பார்த்து ஓடினார்கள். சேப்டி ஷூவும் கண்ணாடியும் போடாமல் லேபுக்கு வருகிற நம் ஆட்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

அந்த 1781-ல்தான், மார்ச் 13-ந் தேதி, தன் கையால் செய்த டெலஸ்கோப்பில் வில்லியம் யுரேனஸைக் கண்டார். உலகம் முழுக்கப் பெயர். அடுத்த வருஷம் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வருஷத்துக்கு 200 பவுன் சம்பளம் கொடுத்துத் தன் வானியலாளராக வைத்துக்கொண்டார். அண்ணனும் தங்கையும் பாத் நகரத்தையும் பாட்டையும் விட்டு, வின்ட்சர் அரண்மனைக்குப் பக்கத்தில் டாட்செட் என்ற ஊருக்குக் குடி போனார்கள். கரோலினுடைய பாட்டு வாழ்க்கை அங்கே முடிந்தது. உனக்குச் சம்மதமா என்று யாராவது கேட்டார்களா என்பதற்கு நான் படித்ததில் பதில் இல்லை.

1783 செப்டம்பர் 23

டாட்செட்டில் அண்ணன் தங்கைக்கும் ஒரு சின்ன டெலஸ்கோப் கொடுத்தார். வானத்தைப் பெருக்கு என்றார். ஆமாம், பெருக்குவதுதான்! வீடு பெருக்குவது போல, வானத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வரிசை வரிசையாகப் பார்த்துப் புதிதாக ஏதாவது தென்பட்டால் குறித்து வைக்க வேண்டும். 1782 ஆகஸ்டு 22-ந் தேதி கரோலின் தன் முதல் நோட்டைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அவருக்கு இது பிடிக்கவே இல்லை. பனியில் நனைந்த புல்தரையில், பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாமல் ராத்திரி முழுக்க நிற்க வேண்டும். நட்சத்திரங்களின் பெயரே அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது.

1783-ல் அண்ணன் இன்னும் நல்ல கருவி ஒன்று செய்து கொடுத்தார். 27 அங்குலக் குவியதூரம், 30 மடங்கு பெரிதாக்கும். அந்த வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி ராத்திரி, தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே ஒரு நீளமான மங்கல் ஒளி அவர் கண்ணில் பட்டது. நட்சத்திரம் மாதிரி புள்ளியாக இல்லை. வால்மீன் மாதிரி நகரவும் இல்லை. அதுதான் நான் படத்தில் பார்த்த என்.ஜி.சி. 253!

இங்கிலாந்தில் அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 12 டிகிரிக்கு மேல் ஏறாது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டி உயரம், அவ்வளவுதான். மரம், வீடு, மூடுபனி எல்லாம் மறைக்கும் இடம். அங்கே போய்ப் பெருக்கியிருக்கிறார் பாருங்கள்! மூலையை விடாமல் பெருக்குகிறவர்தான் அதைக் கண்டிருக்க முடியும்.

பின்னால் வில்லியம் தன் முதல் பட்டியலை வெளியிட்டபோது, ரொம்பப் பெரிய ஒளித்திட்டுகள் என்ற வகுப்பில் முதல் எண்ணாக அதைச் சேர்த்தார். கூடவே இதைக் கண்டது என் தங்கை கரோலின், இன்ன தேதி, இன்ன கருவி என்று ஒரு குறிப்பும் போட்டார். இந்த ஒரு குறிப்பைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

கொக்கியும் உறைந்த மையும்

1783 கடைசியில் அண்ணன் 20 அடி நீள டெலஸ்கோப்பில் வானம் முழுவதையும் பெருக்க ஆரம்பித்தார். அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். மேலே கண் வைத்தவர் கண்ணை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் எழுதினால், மறுபடி இருட்டுக்குக் கண் பழக நேரமாகும். அதனால் வில்லியம் மேலேயிருந்து சத்தமாகச் சொல்வார். கரோலின் கடிகாரத்தையும் பழைய நட்சத்திரப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவார், திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார். பேனா மை உறைந்துபோகிற குளிரிலும் இந்த வேலை நடந்தது. விடிந்ததும் அண்ணன் தூங்கலாம். தங்கை ராத்திரி எழுதியதைக் கணக்குப் போட்டு, நல்ல பிரதி எடுத்து வைப்பார்.

இந்த வேலைக்குத் தன் சொந்தப் பெருக்கலைத் தங்கை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் ஊரில் இல்லாத ராத்திரிகளில்தான் அவருக்கு வானம் சொந்தம்.

அந்த வருஷம் டிசம்பர் 31. தரையில் ஒரு அடி கனத்துக்குப் பனி. மேகம் விலகியதும் அண்ணன் குரல் கொடுக்க, கரோலின் இருட்டில் ஓடினார். டெலஸ்கோப் சட்டத்தைத் திருப்பும் இடத்தில் இரும்புக் கொக்கிகள் இருந்தன. கறிக்கடையில் தொங்குமே, அந்த மாதிரி. கால் வழுக்கி அதன்மேல் விழுந்தார். முழங்காலுக்கு மேலே கொக்கி ஏறிவிட்டது. தூக்கியபோது சதை பிய்ந்து கொக்கியிலேயே தங்கிவிட்டது. தானே மருந்து போட்டுக்கொண்டு சில நாட்களில் மறுபடி மேஜைக்கு வந்துவிட்டார்.

இருவரும் சேர்ந்து பார்த்ததில் 2500 ஒளித்திட்டுகளும் நட்சத்திரக் கூட்டங்களும் 1786, 1789, 1802 ஆகிய வருஷங்களில் மூன்று பட்டியல்களாக வெளிவந்தன. அட்டையில் வில்லியம் பெயர். எண்கள் கரோலின் போட்ட கணக்கு.

ஐம்பது பவுன் சம்பளம்

1786-ல் வில்லியம் மன்னர் அனுப்பிய டெலஸ்கோப்பைக் கொடுக்க ஜெர்மனி போயிருந்தார். வானம் தங்கைக்குக் கிடைத்தது. ஆகஸ்டு 1-ந் தேதி ஒரு வால்மீனைக் கண்டுபிடித்துவிட்டார்! மறுநாள் அது நகர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அறிஞர்கள் அதைப் பார்த்துச் சரிதான் என்றார்கள். 1797-க்குள் மொத்தம் எட்டு வால்மீன்கள் கண்டார். எட்டாவதைக் கண்ட பிறகு தபாலை நம்பவில்லை. ஒரு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு, குதிரை ஏறி, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போய் கிரீனிச்சில் இருந்த அரசு வானியலாளரிடம் நேரில் சொன்னார்.

1787-ல் மன்னர் கரோலினுக்கு வருஷத்துக்கு 50 பவுன் சம்பளம் நிர்ணயித்தார். அறிவியல் வேலைக்காக இங்கிலாந்தில் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவர்தான். அண்ணனுக்கு 200, தங்கைக்கு 50. கணக்கு நமக்குப் புரிகிறது. ஆனால் அதுவரை கைச்செலவுக்கும் அண்ணனிடம் கேட்டு வாங்கியவர் அவர். 37 வயதில், தன் இஷ்டப்படி செலவு செய்ய முதன்முதலாகக் கிடைத்த சொந்தக் காசு அது.

1788-ல் வில்லியம் கல்யாணம் செய்துகொண்டார். பதினாறு வருஷம் வீட்டுச் சாவியை வைத்திருந்த கரோலின் தனியாக அறை எடுத்துப் போனார். தினமும் வேலைக்கு மட்டும் வருவார். அந்த வருஷங்களில் எழுதிய நாட்குறிப்பைப் பிற்காலத்தில் தானே அழித்துவிட்டார். என்ன எழுதியிருப்பார் என்று நமக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தார்போல. பிறகு அண்ணியோடும் பிரியமாகவே இருந்தார். அண்ணன் மகன் ஜான் என்றால் உயிர்.

மனக்கசப்பிலும் வேலை நிற்கவில்லை. பிளாம்ஸ்டீட் என்பவருடைய பழைய நட்சத்திரப் பட்டியலை மூலக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, தவறுகளைத் திருத்தி, விட்டுப்போன 560 நட்சத்திரங்களைச் சேர்த்தார். அதை 1798-ல் ராயல் சொசைட்டி அவர் பெயரிலேயே வெளியிட்டது.

1822-ல் வில்லியம் இறந்தார். கரோலின் 72 வயதில் ஹானோவருக்கே திரும்பினார். ஓய்வெடுத்தாரா? இல்லை. ஜான் மறுபடி எல்லாவற்றையும் பார்க்க வசதியாக, அந்த 2500-ஐயும் வானத்தில் இருக்கும் வரிசைப்படி மாற்றிப் புதுப் பட்டியல் எழுதி அனுப்பினார். அதற்காக 1828-ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதன் பிறகு இன்னொரு பெண்ணுக்கு, அமெரிக்காவின் வேரா ரூபினுக்கு, அந்தப் பதக்கம் கிடைத்தது 1996-ல். நடுவில் 168 வருஷம்! 96-வது பிறந்தநாளுக்குப் பிரஷ்ய மன்னரும் தங்கப் பதக்கம் அனுப்பினார். 1848 ஜனவரி 9-ந் தேதி, 97 வயதில் கரோலின் அம்மையார் காலமானார். நிலவில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர்.

அந்த மங்கல் ஒளி என்ன?

ஜான் ஹெர்ஷல் தொகுத்ததைப் பெருக்கி, 1888-ல் டிரெயர் என்பவர் 7840 எண்கள் கொண்ட புதிய பொதுப் பட்டியல் வெளியிட்டார். அதன் சுருக்கம்தான் என்.ஜி.சி. அதில் கரோலினுடைய மங்கல் ஒளிக்கு 253-ம் எண்.

அது என்னவென்று கரோலினுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. 1920-களில் எட்வின் ஹபிள் வந்துதான், இத்தகைய சுருள்கள் நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனித்தனி விண்மீன் திரள்கள் என்று நிரூபித்தார். அவரே சுருள்களை வகை பிரித்தார். மையத்திலிருந்தே கைகள் கிளம்பினால் சாதாரணச் சுருள். நடுவில் ஸ்கேல் வைத்த மாதிரி நட்சத்திரங்களால் ஆன ஒரு நேர்ப்பட்டை இருந்து, அதன் இரு முனைகளிலிருந்து கைகள் கிளம்பினால் பட்டைச் சுருள். நம் பால்வீதியும் பட்டைச் சுருள்தான்.

253-ன் தூரம் ஏறக்குறைய 1 கோடியே 14 லட்சம் ஒளியாண்டு. கரோலின் கண்ணில் அன்று பட்ட வெளிச்சம் கிளம்பியபோது பூமியில் மனிதனே இல்லை. குறுக்களவு சுமார் 90,000 ஒளியாண்டு. தட்டை விளிம்புப் பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பது போல நமக்குத் தெரிகிறது. அதோடு தூசியும் நிறைய. அதனால் அதன் பட்டை சாதாரண வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. அகச்சிவப்பு ஒளி தூசியை ஊடுருவி வரும். 2010-ல் சிலி நாட்டில் உள்ள விஸ்டா டெலஸ்கோப் அப்படி எடுத்த படத்தில் பட்டை பளிச்சென்று தெரிந்தது.

பட்டைக்கு என்ன வேலை? சுற்றிக்கொண்டிருக்கும் வாயு தன் சுழற்சி குறைந்தால்தான் மையத்தை நோக்கி விழ முடியும். பட்டையின் ஈர்ப்பு அந்த வாயுவுக்கு பிரேக் போடுகிறது. வாயு மையத்தில் போய்க் குவிகிறது. குவிந்த இடத்தில் நட்சத்திரங்கள் சரசரவென்று பிறக்கின்றன. 253-ன் மையத்தில் நம் பால்வீதியின் மையத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் பிறப்பு நடக்கிறது. ஆனால் புது நட்சத்திரங்களின் வேகமே மிச்ச வாயுவை வெளியே ஊதித் தள்ளுகிறது. 2013-ல் சிலியில் உள்ள அல்மா ரேடியோ டெலஸ்கோப்புகள் அதை அளந்தன. வருஷத்துக்கு ஒன்பது சூரியன் எடையுள்ள வாயு வெளியேறிக்கொண்டிருக்கலாம் என்று கணக்கு வந்தது. இப்படியே போனால் அந்தப் பட்டறைக்குக் கச்சாப்பொருள் சீக்கிரம் தீர்ந்துபோகும்!

2020 ஏப்ரல் 15-ந் தேதி அந்தப் பக்கமிருந்து ஒரு காமா கதிர் வெடிப்பு வந்தது. ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு நேரம்தான். பல விண்கலங்கள் பதிவு செய்தன. பயங்கரக் காந்தப்புலம் உள்ள மேக்னடார் என்ற செத்த நட்சத்திரத்தின் வேலை, அது இருப்பது 253-ல் என்று கண்டுபிடித்தார்கள்.

இதில் நமக்கு ஒரு சந்தோஷம் உண்டு. கரோலினுக்கு ஒரு முஷ்டி உயரத்தில் தெரிந்தது, நம் தமிழ்நாட்டில் 50 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. கார்த்திகை மாதத் தொடக்கத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெற்கே அண்ணாந்து பார்த்தால் அங்கேதான் இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. மழைமேகம் இல்லாத, தெருவிளக்கு இல்லாத இடத்தில் பைனாகுலரே போதும்.

எங்க அக்கா

இப்போது அந்த வேறொருவரைச் சொல்கிறேன். எங்க அக்கா.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். கிணறு வெட்டும் வேலையில் அப்பாவுக்குக் கால் போனபோது அக்கா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தது. என்னைவிட அக்காதான் நன்றாகப் படிக்கும். பொம்பளைப் பிள்ளை படித்து என்ன ஆகப்போகுது என்று வீட்டில் பேசி, பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. நானும் பேசாமல்தான் இருந்தேன். சனிக்கிழமைச் சம்பளத்தை அக்கா ஒரு நோட்டில் எழுதி வைக்கும். அரிசி, மருந்து, என் பீஸ், என் டிராப்டர், என் பஸ் பாஸ். அக்கா பெயருக்கு நேராக ஒன்றும் இருக்காது.

முதல் வருஷம் முதல் நாள், ஒவ்வொருவராக எழுந்து குடும்பத்தைப் பற்றிச் சொன்னோம். நான் என்ன சொன்னேன் என்று என் வகுப்பு நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். லீவில் வேலைக்குப் போய் நானே சம்பாதித்துப் படிக்கிறேன், அக்கா வீட்டில் சும்மா இருக்கிறது என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். பனியன் கம்பெனி என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

230 வருஷத்துக்கும் மேலே முன்னால் உலகப் புகழ் பெற்ற ஒருவர், இதைக் கண்டது என் தங்கை என்று அச்சில் போட்டார். அவர் ஒன்றும் குறை இல்லாத அண்ணன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் போட்டார். நான் நாற்பது பேர் முன்னால் என் அக்காவை மறைத்தேன். அதனால் இந்த மலரில் எழுதுகிறேன். நான் சொன்னது பொய். என் படிப்பு என் அக்காவின் சம்பளம்.

போன மாதம் அக்காவிடம் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதச் சொன்னேன். சிரித்தது. செக்கிங்கில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து யார் படிப்பது என்றது. ரெண்டு நாள் கழித்து, கணக்குப் பாடம் கஷ்டமா, வாய்ப்பாடெல்லாம் மறந்துபோச்சே என்று தானாகக் கேட்டது. வாய்ப்பாடு மனப்பாடம் இல்லாமலே வானத்தை அளந்த அம்மையாரின் கதையை அப்போது சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டது.

அன்று ராத்திரி ஒரு அட்டையில் இரண்டிலிருந்து பதினாறு வரை வாய்ப்பாடு எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பம் இன்னும் வாங்கவில்லை. அட்டை மட்டும் அக்காவின் கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் உங்களுக்காக ஒருவர் நோட்டு எழுதிக்கொண்டிருப்பார். யாராவது கேட்டால் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்.